பழைய மாருதி வேன் ரெஸ்டோர் பண்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள் (1984–88 வண்டி, பெங்களூர் நிலவரம்)

அல்சூர், காக்ஸ் டவுன், விவேக் நகர் பக்கம் இன்னும் சில வீட்டு காம்பவுண்டுக்குள்ள தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டின பழைய மாருதி வேன் ஒண்ணு தார்பாய் போத்தி நிக்குது. குஜிரில (பழைய இரும்புக் கடைல) போட மனசு வராம, ஓட்டவும் தைரியம் இல்லாம, பசங்க என்கிட்ட வந்து கேக்குறது எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், அதான் எல்லாத்தையும் இங்கயே எழுதி வச்சிட்டேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்: இந்த வண்டில இன்ஜின் ஈசி, தகடுதான் கஷ்டம். பணத்தையும் பொறுமையையும் அந்தக் கணக்குல பிரிச்சு வச்சுக்கோங்க.

அண்ணா, இது ஜப்பான் வண்டியா, நம்ம ஊர் வண்டியா?

பொறப்பு ஜப்பான், வளர்ப்பு குர்கான். 1979ல ஜப்பான்ல வந்த சுசுகி கேரியோட எஸ்டி90 மாடல்தான் இது. ஜப்பான்ல அப்போ கெய் வண்டிக்கு (அங்கத்த குட்டி வண்டி வகை) 550 சிசிக்கு மேல கூடாதுன்னு ரூல், அதனால அங்க குட்டி இன்ஜின், நமக்கு வந்தது 796 சிசி. மாருதி 800 கார் 1983 டிசம்பர்ல வந்துச்சு, வேன் அடுத்த வருஷம் 1984ல. அப்போ பேரே வெறும் 'மாருதி வேன்' தான், ஆம்னின்னு பேர் மாத்தினது 1988ல. 2019 வரைக்கும் ஓடின மாடல், லட்சக்கணக்குல வித்துச்சு, அப்புறம் என்ன ரேர்னு கேப்பீங்க. ஆம்னி ரேர் இல்ல, முதல் நாலு வருஷ வண்டிதான் ரேர், ஏன்னா ஸ்கூல் டிரிப், பால், பேப்பர், கல்யாண கேட்டரிங், ஆம்புலன்ஸ்னு இதை வேலை வாங்கின மாதிரி வேற எந்த வண்டியையும் நம்ம ஆளுங்க வேலை வாங்கல, தேஞ்சதும் எடைக்குப் போட்டுட்டாங்க, 'இது கிளாசிக்'னு யாரும் எடுத்து வைக்கல.

என் வண்டி ஆரம்ப செட்டான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

ஆர்சி புக்ல தயாரிச்ச மாசம், வருஷம் பாருங்க, சேசிஸ் நம்பர் பிளேட்டோட அது ஒத்துப் போகுதான்னு பாருங்க. கே.ஏ. சீரிஸ் வர்றதுக்கு முந்தின பழைய நம்பரா இருந்தா நல்ல அறிகுறி. ஆரம்ப வண்டிங்கள்ல நிறைய பாகம் ஜப்பான்ல இருந்தே பெட்டில வந்து இங்க பூட்டினது, அதனால லைட்டு, ஸ்விட்ச், கண்ணாடி மூலை, டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் எல்லாத்துலயும் ஜப்பான் மார்க் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்படி மார்க் உள்ள எதையும், ஓட்டையா உடைஞ்சிருந்தாலும், தூக்கிப் போடாதீங்க. மெக்கானிக் பையன் 'அண்ணா இது வேஸ்ட்'னு சொல்லுவான், வாங்கி ஒரு டப்பால போட்டு வைங்க.

வாங்கும்போது முதல்ல இன்ஜினைப் பாக்கணுமா?

கடைசியா பாருங்க. முதல்ல பாக்க வேண்டியது துரு. இது தனி சேசிஸ் இல்லாத மோனோகாக் பாடி, அதாவது தகடுதான் எலும்பு, தகடு போச்சுன்னா வண்டியே போச்சு. தரையில ஒரு சாக்கு விரிச்சு படுத்துக்கோங்க. ஸ்லைடிங் டோருக்குக் கீழ இருக்குற ரெயில், ரெண்டு பக்க சில் (கதவுக்குக் கீழ ஓடுற தகடு), முன் வீல் ஆர்ச்சுக்குப் பின்னாடி, டிரைவர் கால் வைக்கிற இடம், முன் கண்ணாடி பீடிங்குக்குக் கீழ் ஓரம், லீஃப் ஸ்பிரிங் மாட்டுற பிராக்கெட், இந்த வரிசையில போங்க. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிட்டே வாங்க. நல்ல தகடு 'டங்'னு சொல்லும், பட்டி (ஓட்டையை மூடப் பூசுற பேஸ்ட்) போட்ட இடம் 'பொத்'துன்னு அடங்கிடும், அந்த இடத்துல காந்தம் வச்சா ஒட்டாம நழுவும். சிவாஜிநகர்ல நான் போற டிங்கர் (தகடு வேலை செய்யுற) பாய் ஒருத்தர் இருக்காரு, காந்தம் எல்லாம் தொட மாட்டாரு, கட்டை விரலால சில் அடிப்பக்கம் அமுக்கிட்டே நடப்பாரு. ஒரு வண்டில நடு வழில நின்னு 'யஹான்சே பேப்பர்' (இங்க இருந்து பேப்பர்)னு சொல்லிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினாரு, விரல் உள்ள போயிடுச்சு, உள்ள இருந்து பழைய நியூஸ் பேப்பர் சுருட்டி வச்சு மேல பட்டி பூசினது கட்டியா விழுந்துச்சு. நெஜமாவே பேப்பர்.

பெங்களூர் வண்டிக்கு ஒரு பிளஸ், கடல் காத்து இல்ல. மும்பைலயோ சென்னைலயோ வாழ்ந்த வண்டின்னா அடிப்பக்கத்தை ரெண்டு மடங்கு நேரம் பாருங்க. எல்பிஜி கிட் போட்ட வண்டின்னா தரையில, பின்பக்கத்துல அவங்க போட்ட ஓட்டைகளை எண்ணுங்க, ஒவ்வொரு ஓட்டையும் துருவுக்கு ஒரு வாசல்.

பல வருஷமா நிக்குற வண்டி, புது பேட்டரி போட்டு ஒரு செல்ஃப் அடிச்சுப் பாக்கலாமா?

அடிக்காதீங்க ப்ளீஸ். சிலிண்டர் சுவத்துல ஆயில் எல்லாம் கீழ இறங்கி காஞ்சு போயிருக்கும், பிஸ்டன் ரிங் துரு பிடிச்சு ஒட்டியிருக்கலாம், செல்ஃப் அடிச்சு இழுத்தா ரிங் உடையும் இல்ல போர்ல (சிலிண்டர் உள் சுவத்துல) கோடு விழும். சீட்டைத் தூக்குங்க, இன்ஜின் உங்க சீட்டுக்கு அடியில நீட்டுவாக்குல படுத்திருக்கும். மூணு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டுல ஸ்பேனர் போட்டு கையால மெதுவா சுத்துங்க. சுத்துச்சுன்னா அப்புறம் டேங்க்ல இருக்குற பழைய பெட்ரோலைக் காலி பண்ணுங்க, அது இப்போ வார்னிஷ் வாசனைதான் அடிக்கும், அந்த பெட்ரோலை கார்புரேட்டருக்குள்ள விட்டீங்கன்னா இன்னொரு வேலை சேரும். இன்ஜின் ஆயில், ஃபில்டர், டைமிங் பெல்ட், கூலன்ட், எல்லா ரப்பர் ஹோஸும் மாத்தின அப்புறம்தான் சாவி.

டேங்க்ல ஓட்டை இருந்தா வெல்டிங் கடைக்கு நேரா எடுத்துட்டுப் போகாதீங்க. காலி டேங்க் தான் ஆபத்து, உள்ள நிக்குற ஆவி வெடிக்கும். நல்லா கழுவி ஆவி முழுக்க வெளியேறினது உறுதி ஆன அப்புறம், இந்த வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட மட்டும் குடுங்க. உள் துருவுக்கு சிட்ரிக் ஆசிட் தண்ணில ஊற வச்சு, கழுவி, உடனே காய வச்சாலே நிறைய போயிடும்.

800 கார் இன்ஜின் சாமான் இதுக்கு சேருமா?

உள் சாமான் சேரும். ரெண்டுமே எஃப்8பி இன்ஜின், மூணு சிலிண்டர், போர் 68.5 மிமீ, ஸ்ட்ரோக் 72 மிமீ, வார்ப்பிரும்பு பிளாக், அலுமினியம் ஹெட், மேல ஒரே கேம், சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, கிராங்க்குக்கு நாலு மெயின் பேரிங். பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, டைமிங் பெல்ட் எல்லாம் கார்புரேட்டர் 800க்கு வந்ததையே பாக்கலாம், ஜேசி ரோட்ல இன்னிக்கும் கிடைக்குது. ஆனா 800ல இன்ஜின் குறுக்கால உக்காந்து முன் வீலை ஓட்டுது, வேன்ல நீட்டுவாக்குல உக்காந்து பின் வீலை ஓட்டுது, அதனால ஆயில் சம்ப், மேனிஃபோல்ட், மவுண்ட், கியர்பாக்ஸ் பக்கம் இருக்குறது எதையும் 'சேரும் சார், எடுத்துட்டுப் போங்க'ன்னு கடைக்காரர் சொல்றதை நம்பி வாங்காதீங்க. பழைய பாகத்தைக் கையோட கொண்டு போய் பக்கத்துல வச்சுப் பாத்து வாங்குங்க.

ரிங் மட்டும் போட்டா போதும்னு மெக்கானிக் சொல்றாரு, போதுமா?

அளந்து பாத்து சொன்னாரா, கண்ணால பாத்து சொன்னாரா, அதைக் கேளுங்க முதல்ல. ஹெட் கழட்டின உடனே சிலிண்டர் மேல் ஓரத்துல நகத்தை வச்சு கீழ இருந்து மேல இழுங்க, ஒரு விளிம்பு நகத்துல தட்டும். ரிங் மேல போய் திரும்புற இடம் அது, அங்க ஆயில் கம்மி, சூடு ஜாஸ்தி, அதனால அங்கதான் தேய்மானம் அதிகம், அதுக்கு மேல ரிங் போகாத இடம் அப்படியே நிக்கும். அந்த விளிம்பு பலமா தட்டுச்சுன்னா புது ரிங் போட்டும் பிரயோஜனம் இல்ல, கொஞ்ச நாள்ல மறுபடி வெள்ளைப் புகை கலந்த நீலப் புகை வரும். போர் கேஜ் வச்சு மேல, நடு, கீழ மூணு இடம், ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு திசை அளக்கச் சொல்லுங்க. தேய்மானம் மேனுவல் அளவைத் தாண்டினா போர் அடிச்சுதான் (சிலிண்டரை உள்பக்கம் கடைஞ்சு பெருசாக்கிதான்) ஆகணும், 0.25 இல்ல 0.50 மிமீ ஓவர்சைஸ் பிஸ்டன்.

இதுல ரொம்ப பேர் தலைகீழா பண்ற விஷயம் ஒண்ணு, முதல்ல போர் அடிச்சிட்டு அப்புறம் பிஸ்டன் தேடுறது. பிஸ்டன் செட்டை முதல்ல கைல வாங்குங்க, அதை மைக்ரோமீட்டர்ல அளந்து, அதுக்கு ஏத்த மாதிரி லேத்துல போர் அடிச்சு ஹோனிங் (உள் சுவத்தை நைசா தேய்க்கிறது) பண்ணச் சொல்லுங்க. கிராங்க் ஜர்னல்ல (பேரிங் உக்கார்ற இடத்துல) கோடு இருந்தா கிரைண்டிங், அதுக்கு அண்டர்சைஸ் பேரிங், அங்கயும் அதே கதை, பேரிங் கிடைக்குமான்னு தெரிஞ்ச அப்புறம் கிரைண்ட் பண்ணுங்க.

ஹெட்டை ஃபேஸிங் (அடிப்பக்கத்தை மட்டமா சீவுறது) குடுக்குறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் பண்ணிடுங்க, அலுமினியம் ஹெட் ஒருதடவை ஓவர்ஹீட் ஆகியிருந்தா விரிசல் இருக்கலாம். எல்பிஜில ரொம்ப வருஷம் ஓடின இன்ஜின்னா எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டை நல்லா பாக்கச் சொல்லுங்க. பூட்டும்போது ஹெட் போல்ட்டை நடுல இருந்து வெளிப்பக்கமா, டார்க் ரெஞ்ச் வச்சு, ரெண்டு மூணு ஸ்டெப்பா டைட் பண்ணனும், 'என் கைக்கு அளவு தெரியும்'ன்ற மேஸ்திரிங்க நம்ம ஊர்ல ஜாஸ்தி, மரியாதையா டார்க் ரெஞ்சை அவங்க கைல குடுத்துடுங்க. கேஸ்கெட் பேஸ்ட்டை அப்புறதும் வேணாம், உள்ள பிதுங்கினது உடைஞ்சு ஆயில் ஸ்ட்ரெயினர்ல போய் அடைக்கும். ஃபயரிங் ஆர்டர் 1-3-2, பிளக் வயர் மாத்தி மாட்டிட்டு கார்புரேட்டரைத் திட்டினவங்க நிறைய.

ஐடில்ல நிக்க மாட்டேங்குது, கார்புரேட்டர் மாத்தணுமா?

ஒரிஜினல் மிக்குனி (ஜப்பான் கம்பெனி) கார்புரேட்டரா இருந்தா மாத்தாதீங்க, சர்வீஸ் பண்ணுங்க. அப்புறம் வந்த வண்டிங்களுக்கு மிக்குனி டெக்னாலஜில சென்னை யூகால் கம்பெனி செஞ்ச கார்புரேட்டர் வந்துச்சு, அதுவும் நல்லதுதான். ஜெட் எல்லாம் கழட்டி அல்ட்ராசோனிக்ல போட்டு காத்து அடிங்க, ஜெட் ஓட்டைல கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை பெருசாகும். ஃப்ளோட் நீடில், டயாஃப்ரம், அடி கேஸ்கெட் மாத்துங்க. ஐடில் தொல்லைல பாதி கார்புரேட்டர் தொல்லையே இல்ல, வெடிச்ச வேக்யூம் ஹோஸ், அதை முதல்ல பாருங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, காத்து கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு லேசு. சென்னைல செட் பண்ணிக் கொண்டு வந்த வண்டி இங்க ரிச்சா (பெட்ரோல் அதிகமா கலந்து) ஓடும், பிளக் கருப்பா புகை பிடிக்கும், பிக்கப் மந்தமா இருக்கும். இங்க வந்து ஒருதடவை மிக்ஸ்சர் செட் பண்ணிடுங்க. பாயிண்ட் போட்ட டிஸ்ட்ரிபியூட்டர்னா கேப் 0.4 – 0.5 மிமீ, பாயிண்ட் கருகிட்டே இருந்தா கண்டென்ஸரைப் பாருங்க.

ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் இந்த இன்ஜினைக் கெடுத்துடுமா?

இன்ஜின் இரும்பைவிட ரப்பருக்குத்தான் கேடு. 1980கள் ரப்பர் எத்தனாலை நினைச்சு செஞ்சது இல்ல, ஊறி, மெத்துன்னு ஆகி, விரிசல் விடும். ஃப்யூவல் பம்ப் டயாஃப்ரம், ஹோஸ், நீடில் நுனி, டேங்க் மூடி வாஷர் எல்லாம் எத்தனால் தாங்குற ரகத்துல மாத்திடுங்க. சீட்டுக்கு அடியில சூடான இன்ஜின், அது மேல நீங்க, நடுவுல வெடிச்ச பெட்ரோல் ஹோஸ், இதை கொஞ்சம் யோசிங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால மாசக்கணக்குல நிறுத்தி வைக்கிறதா இருந்தா பெட்ரோலை வடிச்சிட்டு நிறுத்துங்க.

எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத, ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) ஆம்னி இன்ஜின் தூக்கிப் போட்டா ஈசி தானே ப்ரோ?

ஓட்டுறதுக்கு ஈசி. ஆனா அப்போ அது ரெஸ்டோர் இல்ல, பழைய டப்பால புது ஆம்னி. வயரிங், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), ஃப்யூவல் பம்ப் எல்லாம் மாறும், இன்ஜின் நம்பர் மாறுறதால ஆர்டிஓல ஆர்சில ஏத்தணும். பழைய பிளாக் உடைஞ்சே போச்சுன்னா ஒழிய நான் ரெகமண்ட் பண்ண மாட்டேன்.

ஹெப்பால் ஃப்ளைஓவர் டிராஃபிக்ல நின்னாலே ஹீட் ஆகுது.

ரேடியேட்டர் முன்னாடி மூக்குல, இன்ஜின் சீட்டுக்கு அடியில, நடுவுல நீளமான பைப். அந்த பைப்ல காத்து மாட்டிக்கிட்டா தண்ணி சுத்தாது. முன் பக்கம் ஜாக்கி போட்டு உசத்தி வச்சு, ஹீட் ஆக விட்டு, மெதுவா ஊத்தி காத்தை எடுங்க. தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணியை விடுற வால்வ்) பிடுங்கிப் போடுறது நம்ம ஊர் பழைய வைத்தியம், அது வேணாம். குழாய்த் தண்ணியும் வேணாம், போர்வெல் உப்பு உள்ள படியும், கூலன்ட் போடுங்க. மத்தபடி ஃபேன் ஸ்விட்ச் வேலை செய்யுதான்னு பாருங்க, அவ்ளோதான்.

பாகம் எங்க தேடுறது?

இன்ஜின், பிரேக், கிளட்ச் சாமானுக்கு ஜேசி ரோடு. டோர் ஹேண்டில், ஸ்லைடிங் டோர் ரோலர், கிரில், பழைய லைட்டு, இதெல்லாம் சிவாஜிநகர் குஜிரி. காலைல சீக்கிரம் போங்க, போன்ல போட்டோ மட்டும் காட்டாம பாகத்தைக் கொண்டு போங்க, பேரம் உருதுலயோ தமிழ்லயோ பேசுங்க, ரெண்டும் ஓடும். 'ஆம்னி'ன்னு கேட்டா புது மாடலைத் தூக்கிக் குடுப்பாங்க, 'பழைய மாருதி வேன், முதல் மாடல்'னு அழுத்திச் சொல்லுங்க. கடுப்பேத்துற விஷயம் என்னன்னா, இதே ஜாடை வண்டி பாகிஸ்தான்ல சுசுகி போலான்னு சமீப காலம் வரைக்கும் புதுசா தயாரிச்சாங்க, அதுக்குள்ளயும் இதே எஃப்8பி. சாமான் அங்க குவிஞ்சு கிடக்கும், நமக்கு என்ன பிரயோஜனம்.

பெயிண்ட்டுக்கு எவ்ளோ செலவு பண்ணலாம்?

மொத்த பட்ஜெட்ல பாதிக்கு மேல பாடிக்கு ஒதுக்குங்க, அதுலயும் பெரும்பங்கு தகடு வேலைக்கு. துருப் பிடிச்ச இடத்தை வெட்டி எடுத்துட்டு அதே கனத்துல புதுத் தகடு வெல்டிங் பண்ணணும், மேல பேட்ச் ஒட்டுறது ஏமாத்து வேலை. கண்ணாடி, பீடிங், லைட் எல்லாம் கழட்டாம டேப் ஒட்டி ஸ்ப்ரே பண்றேன்னு சொல்ற கடைல இருந்து நகர்ந்து வந்துடுங்க. கலர் தெரியலைன்னா டேஷ்போர்டுக்கு உள்பக்கம் பாருங்க, வெயில் படாத ஃபேக்டரி கலர் அங்க இருக்கும். பெயிண்ட் முடிஞ்சதும் சில், டோர் உள் பக்கம் எல்லாம் மெழுகு ஸ்ப்ரே அடிச்சு, அடியில தண்ணி வடியுற ஓட்டைகளைத் திறந்து விடுங்க, அந்த ஓட்டையைப் பெயிண்டருங்களே பெயிண்ட்டால அடைச்சிடுவாங்க.

ஆர்சி முடிஞ்சு போச்சே, வின்டேஜ் நம்பர் வாங்கலாமா?

முடியாது, இன்னும். மத்திய அரசோட 2021 வின்டேஜ் ரூல்படி வண்டிக்கு 50 வயசு ஆகணும், அப்போதான் 'விஏ' சீரிஸ். 1984 வண்டிக்கு 2034ல தான் அந்த யோகம். அதுவரைக்கும் சாதாரண ரினியூவல்தான், 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை. டெல்லில 15 வருஷ பெட்ரோல் வண்டிக்கு இருக்குற கெடுபிடி நம்ம ஊர்ல இல்ல, ஆனா 20 வருஷம் தாண்டின காருக்கு ரினியூவல் ஃபீஸை 2025ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க, கிரீன் டேக்ஸ் தனி, லேட் ஆனதுக்கு ஃபைன் தனி. பழைய கையெழுத்து ஆர்சி ஆன்லைன்ல ஏறாம இருந்தா முதல்ல அதை பேக்லாக்ல ஏத்தணும், அதுக்குத்தான் நடக்க வேண்டியிருக்கும். வண்டி இறந்து போன தாத்தா பேர்ல இருந்தா வாரிசு பேருக்கு மாத்துற வேலையை, டிங்கரிங் ஆரம்பிக்கிற முன்னாடியே ஆரம்பிங்க. பேப்பர் இல்லாத வண்டிக்கு லட்சம் செலவு பண்ணிட்டு உக்காந்திருக்கறவங்க இருக்காங்க.

எமிஷனுக்குப் பயப்பட வேணாம், இந்த வயசு பெட்ரோல் காருக்கு ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும் விடுறாங்க, கார்புரேட்டர் ஒழுங்கா செட் பண்ணினா பாஸ் ஆகிடும்.

ஜப்பான்ல இருந்தே ஒரு பழைய கேரி இறக்கிடலாமா சார்?

சாதாரண ரூல்படி மூணு வருஷத்துக்கு மேல பழைய செகண்ட் ஹேண்ட் காரை இந்தியாவுக்குள்ள இறக்க முடியாது, டியூட்டியும் வண்டி விலையைத் தாண்டும். ஆசையை விடுங்க.

ரெடி ஆனதும் தினமும் ஆபீஸுக்கு ஓட்டலாமா?

முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாம, லோடு ஏத்தாம ஓட்டுங்க, 500ல ஒருதடவை ஆயில் மாத்துங்க, டேப்பட்டும் (வால்வு இடைவெளி) ஒருதடவை செட் பண்ணுங்க. அப்புறம் சிட்டிக்குள்ள தாராளமா ஓட்டலாம், திருப்பத்துல இதைவிட சின்ன வட்டம் போடுற வண்டி கம்மி. ஆனா பானட்டே இல்லாத வண்டின்னு மறந்துடாதீங்க, இடிச்சா முதல்ல இடி வாங்குறது உங்க முட்டி. அதனால பிரேக்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க, மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் பைப், இரும்பு பைப் எல்லாமே புதுசு. பழைய பிரேக் ஷூ தூசியை ஏர் கன் வச்சு ஊதாதீங்க, அந்தக் காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணில துடைங்க. முன் சீட்டுக்கு நல்ல பெல்ட் போடுங்க. ஓசூர் ஹைவேல 80க்கு மேல போகாதீங்க, பக்கத்துல பஸ் தாண்டும்போது காத்துலயே வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங்கை ரெண்டு கையால பிடிச்சுக்கோங்க.